வில்லியம்ஸிலிருந்து அறுபது மைல்

என்னங்க,

காலையில் எதிர் வரிசைச் சாத்தே கடைக்காரர் இறைச்சி சுட ஈரக் கரியைப் பற்றவைத்துவிட்டார். நேற்றைய மழையில் அவருடைய கரி மூட்டை நனைந்துபோயிருக்கிறது. புகை தெருவைத் தாண்டி நம் வீட்டுக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நம் மகள் இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்தப் போனாள். இருக்கட்டும் விடு என்றேன். ஈரக் கரியும் சூடேறிய இரும்பும் கலந்த அந்த வாடை எனக்கு உங்கள் சட்டை வாடை. நீங்கள் போய் நாலு வருஷமாகியும் அது என் மூக்கை விட்டுப் போகவில்லை.

அவளிடம் அதைச் சொன்னேன். "அப்பா சட்டையா? அப்பா டாக்சியில ஏர்கோன் போட்டுக்கிட்டு செண்ட் வாசமா இல்ல வருவாரு" என்கிறாள். அவள் பார்த்த அப்பா அவர். நான் சொல்வது அவள் பிறப்பதற்கு முன்னால், ஜப்பான்காரன் மலாக்காவைப் பிடித்து வைத்திருந்த நாட்களில் இருந்த உங்களை. பெட்ரோல் கிடைக்காது. லாரியின் பின்பக்கம் பெரிய இரும்புப் பீப்பாய் ஒன்றை மாட்டி, அதில் கரியை எரித்து, வருகிற புகையில் இன்ஜினை ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது உங்களிடம் பல் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும்.

நம் கல்யாணத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. கல்யாணமாகாத பெண்ணை வீட்டில் வைத்திருக்க எல்லாத் தகப்பன்களும் பயந்த காலம் அது. ஜாசின் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு விறகு ஏற்ற நீங்கள் லாரி கொண்டு வருவீர்கள். கள்ளுக்கடைப் பக்கம் போகாத டிரைவர் என்ற ஒரே காரணத்துக்காக என் அப்பாவுக்கு உங்களைப் பிடித்துப்போய்விட்டது. "மாப்ள தங்கமானவரு. தமிழ்தான் கொஞ்சம் தகராறு. மத்தபடி ஒரு கொறையும் இல்ல" என்று அம்மாவிடம் சொன்னார். பத்தே நாளில் முடிச்சுப் போட்டு, அதே விறகு லாரியில் என்னை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பதினெட்டு வயது.

தமிழ் கொஞ்சம் தகராறா? காஜா பெராங்கில், தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் ஊறிப்போன உங்கள் செட்டி வீடுகளில் ஒருவர் வாயிலும் தமிழ் இல்லை. சாமி நம் சாமி, திருநீறு நம் திருநீறு, பேச்சு மட்டும் மலாய். உங்கள் அம்மா மலாய்ப் பெண்களைப்போலக் கெபாயா உடுத்திக்கொண்டு மாரியம்மனைக் கும்பிட்டதைப் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்றேன். அவர்கள் என்னிடம் மலாயில் ஏதோ கேட்பார்கள், நான் தலையை ஆட்டுவேன். நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் "மக்கான்" என்பீர்கள், நான் சாப்பிடுவேன். மூன்று வாரம் நம் சம்சாரத்தில் மொத்தமே அந்த ஒரு வார்த்தைதான் ஓடியது. கிணற்றடியில் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவேன். நீங்கள் அதைக் கவனித்துக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு சாயங்காலம், மழை தூறிக்கொண்டிருந்தது. கொல்லைப்பக்கம் அத்தாப்பு ஓலைக் கொட்டகைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். தென்னை ஓலைகளை இழுத்துத் தள்ளினால் உள்ளே ஒரு கறுப்புக் கார். பண்டார் ஹிலிரில் ஒரு கம்பெனி துரைக்கு நீங்கள் டிரைவராக இருந்தீர்களே, அவருடைய கார். சண்டை நெருங்கியதும் சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டுச் சிங்கப்பூருக்கு ஓடினவர் அவர். நீங்கள் நாலு சக்கரத்தையும் கழற்றி எங்கோ புதைத்துவிட்டு, வண்டியைத் தென்னங்கட்டைகளின் மேல் உட்கார வைத்திருந்தீர்கள். சக்கரம் இல்லாத காரை எவன் கேட்பான் என்பது உங்கள் யோசனை.

"ஜாலான்-ஜாலான் போலாமா?" என்றீர்கள். ஊர் சுற்றப் போகலாமா என்று கேட்கிறீர்கள், அந்த அளவு மலாய் எனக்கும் தெரியும்.

"எங்க போறது? ரோட்டுல போனா பாஸ் கேப்பான்" என்றேன்.

"பாஸ் வேணாம். நீ ஏறு. நான் ஓட்டும்."

உங்கள் தமிழ் அப்படித்தான் இருக்கும். நான் ஓட்டும், நாம போகும், நீ சிரிக்கும். ஏறினேன். தோல் இருக்கையில் பூஞ்சை வாடை அடித்தது. நீங்கள் முன்பலகைக்குள்ளிருந்து ஒரு மேப்பை எடுத்து என் மடியில் விரித்தீர்கள். சண்டைக்கு முன்னால் சுரங்க இயந்திரம் விற்க வந்த அமெரிக்கர் ஒருவரை ஒரு வாரம் காரில் கூட்டிக்கொண்டு சுற்றினீர்களாம். அவர் தன் சொந்த ஊரைப் பற்றிப் பேசிப் பேசி, கடைசியில் அந்த மேப்பையும் உங்களிடமே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மரமே இல்லாத சிவப்பு மண் ஊர். மழை பெய்யாத ஊர். எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு பெரிய பள்ளம், ஊரையே உள்ளே போட்டாலும் நிரம்பாத பள்ளம், அதன் விளிம்பில் போய் நின்றால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் என்று அவர் சொன்னாராம். மேப்பின் பின்பக்கம் அதன் படம் கைக்குட்டை மடிப்பு அளவுக்கு இருந்தது.

"இதுக்கு ஏன் கண்ணுல தண்ணி வரணும்?" என்று கேட்டேன்.

"தெரியாது. போய் பாக்கும்" என்றீர்கள்.

மேப்பில் சாந்தா ஃபே என்ற ஊரிலிருந்து கிளம்பினோம். இன்றைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டபோதுதான் உங்கள் சட்டத்தைச் சொன்னீர்கள். "இன்னைக்கு லாரி தம்பின் போச்சு. இருபத்து நாலு மைல். நம்மளும் அங்க இருபத்து நாலு மைல் போகும். மேல போகாது."

"திரும்பி வந்தீங்களே? அதையும் சேத்தா நாப்பத்தெட்டு இல்ல?"

"வெறும் லாரி சேராது. சுமை இருந்தா மட்டும் மைல்."

விளையாட்டில்கூட இப்படி ஒரு கறார் ஆளா என்று நினைத்தேன். ஆனால் டிரைவர்கள் எல்லாரும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. சுமையோடு போவதுதான் ஓட்டம். வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதை நீங்கள் யாரும் ஓட்டம் என்று சொல்லிக்கொள்வதே இல்லை. பென்சிலால் இருபத்து நாலு மைலுக்கு ஒரு கோடு போட்டீர்கள். வெளியே மழை வலுத்தது. "கண்ணாடி ஏத்து, தூசி வரும்" என்றீர்கள். நான் ஏற்றினேன். ஏற்றிவிட்டு, நம் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன்.

அதற்கப்புறம் லாரி ஓடிய ஒவ்வொரு சாயங்காலமும் நாம் ஓடினோம். ஆலோர் காஜா போன நாளில் பதினைந்து மைல், ஜாசின் போன நாளில் பதினேழு. லாரி படுத்துக்கொண்டால் நாமும் படுத்துக்கொள்வோம். கேலப் என்ற ஊரில் பீப்பாய் வெடித்து ஒன்பது நாள் மாட்டிக்கொண்டோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது நாளும் அதே சத்திரம், அதே புழுதி. எனக்கு அந்த ஊரே வெறுத்துப்போயிற்று. உங்கள் அம்மா அவித்த மரவள்ளிக் கிழங்கைக் கார் ஜன்னல் வழியாக நீட்டி, இன்னுமா அந்த ஊரை விட்டுக் கிளம்பவில்லை என்று மலாயில் கேட்டார்கள். அவர்களுக்கும் அந்த ஊர் சலித்துவிட்டது.

நான் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்பேன். "அந்த ரோட்டுல காவல் இருக்கா?"

"இல்ல. பாம்பு இருக்கும். காவல் இல்ல."

"பாம்பு பரவால்ல."

ரேஷன் வாங்கப் போகும் வழியில் சாவடியில் துப்பாக்கிக்காரனுக்கு இடுப்பு ஒடியக் குனிந்து கும்பிட்டுவிட்டு வருவேன். சாயங்காலம் அந்தக் காரில் ஏறி நிமிர்ந்து உட்காருவேன். நூறு மைலுக்கு ஒரு சாவடி இல்லை. நம்மை நிறுத்த ஆள் இல்லை. அந்த நிமிர்வுக்காகவே எனக்குச் சாயங்காலம் எப்போது வரும் என்றிருக்கும். பிறகு அதற்காக மட்டும் இல்லை என்று ஆனது. கியர் போடக் கற்றுக்கொடுக்கிறேன் என்று என் கையைப் பிடித்து அந்தக் குமிழின் மேல் வைத்தீர்கள். கற்றுக்கொடுத்து முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை. நான் உங்களுக்குத் தமிழில் வினைமுடிவு சொல்லிக்கொடுத்தேன், நீங்கள் ஒரு நாளும் கற்றுக்கொள்ளவில்லை. நான் உங்களிடம் மலாய் கற்றுக்கொண்டேன். மேப்பைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்துகூடக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது.

ஹோல்புரூக் பக்கம் மரமெல்லாம் கல்லாகிப்போய்ப் படுத்துக் கிடக்கும் என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. "கல்லு மரத்துல பால் எப்படி எடுக்கறது? அந்த ஊரு கங்காணி என்ன பண்ணுவான்?" என்று கேட்டேன். நீங்கள் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தீர்கள். நாள் முழுதும் கரி சுமந்த மனுஷன் அப்படிச் சிரித்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. பள்ளத்தின் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்ததும் அதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இடம் பார்த்துச் சொல்லலாம் என்ற நினைப்பு. எவ்வளவு பெரிய முட்டாள்தனம்.

ஹோல்புரூக்குக்குப் பிறகு நீங்கள் அவசரப்பட ஆரம்பித்தீர்கள். ஒரு சாயங்காலம் முப்பத்து மூன்று மைல் என்று கோடு போட்டீர்கள். எங்கே போனீர்கள் என்று கேட்டால் பென்சிலைச் சீவ ஆரம்பித்தீர்கள். மறுநாள் ஐம்பத்தெட்டு. அடுத்தடுத்து வந்த ஊர்களில் இறங்கவும் இல்லை, எதையும் காட்டவும் இல்லை. கையைப் பிடித்தபடி ஓட்டினீர்கள். கரி லாரி சுமையோடு ஒரு நாளில் ஐம்பத்தெட்டு மைல் போகாது என்று எனக்கு அதற்குள் தெரியும். மனசில் ஒரு முள் தைத்தது.

மூன்றாம் நாள் ரேஷன் வரிசைக்குப் போன நான் ராணுவப் பட்டறை வழியாக வந்தேன். வேலிக்குள் உங்கள் லாரி நின்றுகொண்டிருந்தது. பீப்பாய் புதிதாக மாற்றப்பட்டு, குளிர்ந்து கிடந்தது. பக்கத்திலிருந்த ஆளிடம் கேட்டேன். மூன்று நாளாக அது அசையவே இல்லை என்றார்.

அன்று சாயங்காலம் நீங்கள் முப்பத்திரண்டு மைல் ஓட்டினீர்கள். வில்லியம்ஸ் வந்தது. அங்கிருந்து பள்ளத்துக்கு அறுபது மைல். பென்சிலைக் கீழே வைக்காமல், "அதையும் இன்னைக்கே போகும்" என்றீர்கள்.

"இன்னைக்கு லாரி எங்க போச்சு?"

"ஜாசின்."

"ஜாசினா? லாரி மூணு நாளா பட்டறையில நிக்குது. நான் என் கண்ணால பாத்தேன்."

நீங்கள் மேப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தலைக்கேறிவிட்டது. இந்த ஒரு இடத்தில்தான் நீங்கள் என்னிடம் பொய் சொல்ல மாட்டீர்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். உலகமே தலைகீழாகக் கிடந்தபோதும் அந்தக் காருக்குள் சட்டம் சட்டமாக இருந்தது. அதை நீங்களே உடைத்துவிட்டீர்கள் என்ற ஆத்திரம்.

"பொய் மைல்ல நான் வரமாட்டேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கரி லாரி ஓட்டுறவங்களுக்கு அமெரிக்கா ஒண்ணுதான் கொறச்சல்" என்றும் சொன்னேன். கதவை அறைந்து சாத்திவிட்டு மழையில் நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது நீங்கள் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள்.

விடியற்காலையில் நீங்கள் சப்பாத்து மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கதவருகில் கொஞ்ச நேரம் நின்றீர்கள். நான் விழித்துத்தான் இருந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் புரளவில்லை. போகட்டும், சாயங்காலம் வரட்டும், பேசிக்கொள்ளலாம் என்று வைராக்கியமாகக் கிடந்தேன்.

பொழுது விடிந்ததும் உங்கள் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். லாரியையும் டிரைவரையும் சேர்த்துச் சயாமில் ஜப்பான்காரன் போடுகிற ரயில் பாதைக்கு அனுப்புகிறார்கள், உங்களுக்கு நாலு நாளைக்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது என்று சொன்னார்கள். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் தானே சொல்லிக்கொள்கிறேன், அதுவரை அவளிடம் மூச்சு விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டீர்களாம். நீங்களும் இடம் பார்த்துச் சொல்லலாம் என்றுதான் இருந்திருக்கிறீர்கள். நான் பட்டறை வரை ஓடினேன். வேலிக்குள் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. தகரம் தேடி வந்த சிப்பாய்கள் காரைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் அம்மாவை இரண்டு அறை அறைந்துவிட்டு, கயிறு கட்டி லாரியால் இழுத்துக்கொண்டு போனார்கள். சக்கரம் இல்லாத கார் கொல்லையிலிருந்து தெருவரை மண்ணைக் கீறிக்கொண்டு போன தடம் ரொம்ப நாள் இருந்தது. நல்லவேளை, மேப்பை அதற்கு முன்பே எடுத்து என் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

பொங்கலுக்கு முதல் நாள் உங்கள் வழக்கத்தில் பார்ச்சு வந்தது. இறந்துபோனவர்களுக்கு இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைத்துக் கூப்பிடுகிற நாள். சயாம் போனவன் எவன் திரும்பினான், அவனுக்கும் ஓர் இலை போட்டுவிடுங்கள், பசியோடு அலைய வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். உங்கள் அம்மா என்னைப் பார்த்தார்கள். நான் இலைக்கட்டை எடுத்து மறைத்துக்கொண்டேன். "பெலும்" என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். இன்னும் இல்லை என்ற அந்த ஒரு மலாய்ச் சொல்லுக்காக நான் அவர்கள் காலில் விழுந்தேன்.

நீங்கள் திரும்பி வந்தீர்கள். வாசலில் ஒரு எலும்புக்கூடு நின்றது, அதற்கு உங்கள் பல் இருந்தது. அழுது, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, ஒரு மாதத்தில் கொஞ்சம் சதை போட்டுக்கொண்டீர்கள். என்னைப் பார்த்து ஒரு நாள் லேசாகச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் கொடுத்துவிட்டது. மேப்பைக் கொண்டுவந்து உங்கள் மடியில் விரித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். கேட்கத் தெரியாமல் வேடிக்கை பேசினேன்.

"சயாம் வரைக்கும் போய் வந்தீங்களே, எத்தனை மைல் இருக்கும்? இந்த அறுபதுக்குத் தாராளமா போதும். திரும்பி வந்ததை விட்டுட்டாக்கூட மிஞ்சும்" என்றேன்.

உங்கள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "அங்க திரும்பற லாரியும் வெறுமா வரல" என்றீர்கள். மேப்பின் மேல் கையை வைத்து, "அந்த மைல் இதுல சேக்காதே" என்றீர்கள். மேப்பை மடித்து எடுத்துக்கொண்டு போய் உங்கள் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினீர்கள். உங்களோடு போய்த் திரும்பிய ஒருவர் பிறகு சொன்னார், போகும்போது அரிசி, வரும்போது ஆட்கள் என்று. எந்த நிலையில் இருந்த ஆட்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தோம். மகள் பிறந்தாள். முப்பது வருஷம் டாக்சி ஓட்டினீர்கள். புதிதாகக் கல்யாணமாகி வருகிறவர்களைப் பண்டார் ஹிலிர் முழுதும் சுற்றிக் காட்டி, படம் எடுத்துக் கொடுத்து அனுப்புவீர்கள். வீட்டில் அந்தப் பெட்டியை நாம் இருவருமே தொட்டுப் பேசியதில்லை. நீங்கள் கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். இன்னொரு தடவை தப்பாகக் கேட்டு உங்கள் முகம் அப்படிப் போவதைப் பார்க்க எனக்குப் பயம். ஆனால் ஏங்காத நாளில்லை. டாக்சியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது முன் கதவு திறந்து கிடந்தால், ஏறி உட்கார்ந்துகொள்ளலாமா என்று இருக்கும். காப்பிக் குவளையைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

நீங்கள் போன பிறகு, காரியமெல்லாம் முடிந்து, லைசென்சை எடுக்க அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தேன். மேப்பை விரித்தேன். சாந்தா ஃபேயிலிருந்து ஹோல்புரூக் வரை பழைய பென்சில் கோடு அப்படியே இருந்தது. ஹோல்புரூக்கிலிருந்து வில்லியம்ஸ் வரை, நீங்கள் அந்த மூன்று நாளில் போட்ட கோட்டைக் காணோம். அழித்து அழித்து அந்த இடத்துத் தாளே பஞ்சாகிப்போயிருந்தது. அதன் மேல் நீல நிறத்தில் வேறு ஒரு கோடு, ஒரு நெல்மணி நீளம், இரண்டு நெல்மணி நீளம் என்று துண்டு துண்டாக. பால்பாயின்ட் பேனா. ஜப்பான்காரன் காலத்தில் பால்பாயின்ட் பேனா ஏது?

கூடத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். டாக்சி ஓட்டிய மைலில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அந்தப் பொய் மைல் அத்தனையையும் மெய்யாகவே ஓட்டி முடித்திருக்கிறீர்கள். வில்லியம்ஸ் வந்ததும் நிறுத்தியிருக்கிறீர்கள். அதற்கு மேல் ஒரு புள்ளிகூட இல்லை. எத்தனை வருஷமாக அங்கே வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு இருந்தீர்கள்? கறார் மனுஷனே, ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா? அடுப்படியில்தானே இருந்தேன். வந்திருப்பேனே.

விஷயம் தெரிந்ததும் மகள், "ஏம்மா, டிக்கெட் போட்டு நேராவே போய்ப் பாத்துட்டு வந்துடலாமே" என்றாள். வேண்டாம் என்றேன். பறந்து போகிற மைல் நம் சட்டத்தில் எங்கே வருகிறது? எனக்கு லாரி இல்லை, டாக்சி இல்லை, கால் இருக்கிறது. நம் வீட்டிலிருந்து ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயில் ஒரு மைல் என்று நீங்களே டாக்சி மீட்டரைப் பார்த்து ஒரு தடவை சொல்லியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை தோறும் தேங்காய், பூ, எண்ணெய் எல்லாம் கூடையில் வைத்து நடந்து போக ஆரம்பித்தேன். சுமை இருக்கிறது, அதனால் அது மைல். வெறுங்கூடையோடு திரும்பி வருவதைச் சேர்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வில்லியம்ஸுக்கு மேலே ஒரு கோடு. உங்கள் நீலப் பேனா தீர்ந்துவிட்டது, நான் மகளுடைய சிவப்புப் பேனாவில் போடுகிறேன்.

ஆரம்பத்தில் ஒரே ஓட்டமாக ஓடினேன். மழை பெய்தாலும் குடை பிடித்துக்கொண்டு போனேன். நாற்பது தாண்டியதும் ஏதாவது சாக்குச் சொல்லி, இரண்டு மாதத்துக்கு ஒரு மைல் என்று குறைத்துக்கொண்டேன். நடக்கும்போது உங்களிடம் பேசிக்கொண்டே போவேன், சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிடுவேன். அன்றைக்குக் கதவை அறைந்ததற்கும், விடியற்காலையில் புரண்டு படுக்காததற்கும் எத்தனையோ வெள்ளிக்கிழமை மன்னிப்புக் கேட்டாயிற்று. வழியில் ஆட்கள் கிழவிக்குக் கழன்றுவிட்டது என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

போன வெள்ளியோடு ஐம்பத்தொன்பது முடிந்தது.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். மகள் குளித்துவிட்டு வந்து கூடையை எடுத்துக் கதவோரம் வைத்தாள். முழங்கால் வலிக்கிறது, இன்றைக்கு முடியாது என்று சொன்னேன். பாவம், தைலம் எடுக்க ஓடினாள். தேய்த்துவிட்டுப் போனபிறகு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. இந்நேரம் கோயில் நடை சாத்தியிருப்பார்கள்.

அந்த ஒரு மைலையும் நடந்தால் வந்து சேர்ந்துவிடுவோம். வந்து சேர்ந்தால் இறங்க வேண்டும். இறங்கிப் பார்த்தால் அங்கே நான் மட்டும்தான் நின்றுகொண்டிருப்பேன். அடுத்த வெள்ளியும் முழங்கால் வலிக்கும் என்றுதான் நினைக்கிறேன்.